ஒப்பந்தச் சட்டம்: உடன்பாடுகள் செல்லாமற் போவது எப்போது?

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முத்திரைத் தாளும், அதன் அடியில் இடப்பட்ட கையொப்பமும் அல்லது கைநாட்டுமே நம்மில் பலருடைய நினைவுக்கு வருகின்றன. சட்டத்தின் பார்வை வேறு. பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்குவதும், கடையில் விலை கேட்டுக் காய்கறி வாங்குவதும் ஒப்பந்தங்களே. இவற்றில் எவரும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. மறுபுறம், முத்திரைத் தாளில் எழுதி, சாட்சிகளும் கையொப்பமிட்ட பத்திரம் சில வேளைகளில் நீதிமன்றத்தில் சல்லிக்காசு பெறாமற் போகிறது. எது நிற்கும், எது நிற்காது என்பதை அறிவது சட்டம் பயிலும் மாணவர்களுக்கு மட்டுமன்றி, அரசின் சார்பில் கொள்முதல் செய்யும் அலுவலர்களுக்கும், தொழிலாளர்களின் முறையீடுகளை விசாரிக்கும் அலுவலர்களுக்கும் தேவையான ஒன்றாகும்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படையாக விளங்குவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளன்று இது நடைமுறைக்கு வந்தது. சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930இலும், கூட்டாண்மை பற்றிய பகுதி 1932இலும் இதிலிருந்து எடுக்கப்பட்டுத் தனிச் சட்டங்களாயின. எஞ்சிய பகுதி சிற்சில திருத்தங்களுடன் இன்றும் நின்று நிலவுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு சட்டம், மின்னணு முறையில் நடைபெறும் வணிகத்துக்கும் ஈடுகொடுத்து வருவது அதனை வரைந்தவர்களின் திறமைக்குச் சான்று என்றே கூறலாம்.

உடன்பாடும் ஒப்பந்தமும்

இச்சட்டம் உடன்பாடு வேறு, ஒப்பந்தம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. ஒருவர் முன்மொழிய, மற்றவர் அதனை ஏற்க, இருவரும் ஒருவருக்கொருவர் மறுபயன் தருவதாக அமைந்தால் அது உடன்பாடு. அந்த உடன்பாட்டைச் சட்டத்தின் வாயிலாகச் செயற்படுத்த இயலுமானால்தான் அது ஒப்பந்தம். எனவே ஒப்பந்தங்கள் எல்லாம் உடன்பாடுகளே. உடன்பாடுகள் எல்லாம் ஒப்பந்தங்கள் அல்ல. 10ஆவது பிரிவின்படி, உடன்படுவோர் தகுதி உடையவராயிருத்தல் வேண்டும். அவர்களது இசைவு தன்னுரிமையோடு அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மறுபயனும் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டனவாயிருத்தல் வேண்டும். சட்டமே செல்லாதென வெளிப்படையாக அறிவித்த வகையைச் சேர்ந்ததாகவும் அது இருத்தலாகாது.

இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்தால் என்ன நேரும்? இங்கேதான் மாணவர்கள் பெரும்பாலும் குழம்புகின்றனர். சில உடன்பாடுகள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. அவை பிறக்கவே இல்லை என்று கொள்ளலாம். சில, தவிர்க்கத்தக்கவை, பாதிக்கப்பட்டவர் வேண்டாமென்று சொல்லும் வரை அவை உயிரோடிருக்கும், சொன்னவுடன் மடியும். இன்னும் சில, குறைபாடின்றிப் பிறந்தும் ஒரு புறக் காரணத்தால் நீதிமன்றத்தின் வாயிலைத் தாண்ட முடியாதவை. மூன்றையும் பொதுவாகச் செல்லாதவை என்று சொல்லிவிடுவது பேச்சுவழக்கில் பொருந்தலாம். கோப்பில் எழுதும்போது பொருந்தாது.

மறுபயன்

வெறும் வாக்குறுதிக்காக நீதிமன்றத்தை அணுக முடியாது. வாக்குக் கொடுத்தவரின் விருப்பத்தின் பேரில் மறுதரப்பில் ஏதேனும் செய்யப்பட்டிருக்க வேண்டும். 1880இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதனைத் தெளிவாக விளக்கும். ஒருவர், மாவட்ட ஆட்சியரின் ஆணைப்படித் தம் பணத்தைச் செலவிட்டு ஒரு சந்தை கட்டினார். அங்கே கடை வைத்தவர்கள், விற்பனையில் ஒரு பங்கை அவருக்குத் தருவதாக எழுதிக்கொடுத்துப் பின்னர் மறுத்துவிட்டனர். சந்தை கட்டப்பட்டது ஆட்சியரின் விருப்பத்தின் பேரிலேயன்றிக் கடைக்காரர்களின் விருப்பத்தின் பேரில் அன்று. ஆகவே மறுபயன் இல்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதிகாரியின் வாய்மொழியை நம்பிச் செலவு செய்வோர் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் மறுபயன், வாக்குறுதியைப் பெற்றவரிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதனை நிலைநாட்டியது. ஓர் அம்மையார் தம் மகளுக்குச் சொத்தை எழுதிவைத்து, தம் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரவேண்டுமென்று நிபந்தனையும் விதித்தார். மகளும் அவ்வாறே தருவதாக எழுதிக்கொடுத்தார். பின்னர், உங்களிடமிருந்து நான் எதையும் பெறவில்லையே என்று அவர் வாதாடியது எடுபடவில்லை. தாயார் தந்த சொத்தே போதிய மறுபயனாயிற்று. இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லாத இந்தத் தாராளம், கூட்டுக்குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தியது.

மறுபயன் இல்லாமலே செல்லும் உடன்பாடுகளும் உண்டு. நெருங்கிய உறவினரிடையே இயல்பான அன்பினால் எழுதிப் பதிவு செய்யப்பட்டது அவற்றுள் ஒன்று. நன்கொடை வாக்குறுதி பொதுவாகச் செல்லாது எனினும், அந்த வாக்கை நம்பிப் பணி தொடங்கப்பட்டிருந்தால் நிலை மாறும். ஹௌராவில் நகர மன்றம் கட்டுவதற்கு 100 ரூபாய் தருவதாகக் கையொப்பமிட்டு மறுத்தவர், அந்தப் பட்டியலை நம்பிக் கட்டட ஒப்பந்தம் செய்யப்பட்டுவிட்ட காரணத்தால், தொகையைச் செலுத்தியே ஆகவேண்டும் என்று 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தகுதியும் இசைவும்

பதினெட்டு வயது நிரம்பாதவரும், செய்வதன் விளைவை அறிய இயலாத மனநிலையில் உள்ளவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்கள். இளவர் செய்த உடன்பாடு தவிர்க்கத்தக்கதா, அடியோடு செல்லாததா என்பதில் முன்பு கருத்து வேறுபாடு இருந்தது. 1903இல் பிரிவி கவுன்சில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கல்கத்தாவில் ஓர் இளைஞன் தன் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்திருந்தான். அவன் வயது நிரம்பாதவன் என்பது கடன் கொடுத்தவரின் முகவருக்குத் தெரிந்தே இருந்தது. அடமானம் தொடக்கம் முதலே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வயது நிரம்பிய பிறகு அதனை உறுதிப்படுத்தவும் இயலாது. இல்லாத ஒன்றை எவ்வாறு உறுதிப்படுத்துவது? எனினும் இளவருக்கு உணவு, உடை, கல்வி போன்ற இன்றியமையாதவற்றை அளித்தவர், இளவரின் சொத்திலிருந்து அதன் மதிப்பைப் பெறலாம். அவரது உடலைப் பிணையாக்க முடியாது.

இசைவு தன்னுரிமையோடு அளிக்கப்படவேண்டும் என்பது சொல்வதற்கு எளிது, அளவிடுவதற்குக் கடினம். வன்முறையான வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு ஆகியவற்றால் பெறப்பட்ட இசைவு, உடன்பாட்டைத் தவிர்க்கத்தக்கதாக்குகிறது. இருதரப்பாரும் அடிப்படையான ஒரு செய்தி பற்றிப் பிழையாக எண்ணியிருந்தால் அது செல்லாமலே போகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒன்று 1889இல் வந்தது. கணவனை இழந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தாங்கள் காட்டிய பையனைத் தத்தெடுத்தாலன்றிப் பிணத்தை வீட்டைவிட்டு எடுக்க விடமாட்டோம் என்று உறவினர்கள் தடுத்து நின்றனர். அவள் இசைந்தாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றொன்று 1917ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒருவர் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் தம் உடன்பிறந்தாருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் வாங்கினார். தற்கொலை மிரட்டலும் வன்முறையான வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். கத்தி காட்டுவது மட்டுமே வற்புறுத்தல் அன்று என்பதை நம் நீதிமன்றங்கள் அன்றே உணர்ந்திருந்தன. ஆயினும் பசியும் ஒரு வற்புறுத்தலா என்ற கேள்வி அப்போது எழவில்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

நோக்கமும் பொதுநலக் கொள்கையும்

23ஆவது பிரிவு, சட்டம் தடைசெய்தவை, சட்டத்தின் நோக்கத்தைக் குலைப்பவை, மோசடியானவை, பிறருக்குத் தீங்கு விளைப்பவை, ஒழுக்கக்கேடானவை, பொதுநலக் கொள்கைக்கு மாறானவை ஆகிய உடன்பாடுகளைச் செல்லாதவையாக்குகிறது. வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பெறும் உடன்பாடு இதில் அடங்கும். வரதட்சிணை பற்றிய உடன்பாடு செல்லாது என்று 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் தனியாகவும் கூறுகிறது.

பொதுநலக் கொள்கை என்னும் சொற்றொடர் விரிந்து கொடுக்கக்கூடியது. அதனைப் புதிய துறைகளுக்கு எளிதில் நீட்டலாகாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் ஒரு கூட்டாண்மை வழக்கில் எச்சரித்தது. பந்தயம் செல்லாத உடன்பாடே எனினும், அதற்கெனக் கூட்டுச் சேர்ந்தது சட்டவிரோதம் ஆகாது என்பது அவ்வழக்கின் முடிவு. ஆனால் 1986இல் அதே நீதிமன்றம், ஓர் அரசு நிறுவனம் நிரந்தர ஊழியரைக் காரணம் எதுவும் கூறாமல் மூன்று மாத முன்னறிவிப்பில் நீக்கலாம் என்ற விதியை இப்பிரிவின் கீழ்ச் செல்லாதென அறிவித்தது. பேரம் பேசும் வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும்போது, அச்சடித்த படிவத்தில் கையொப்பமிடுவதைத் தவிர வலிமையற்றவருக்கு வேறு வழியில்லை என்பதை அத்தீர்ப்பு கருத்திற்கொண்டது. எச்சரிக்கையைவிட இந்தத் துணிவே நம் நாட்டு நிலைமைக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

திருமணத்தைத் தடுக்கும் உடன்பாடும், நீதிமன்றம் செல்லும் உரிமையை அடியோடு பறிக்கும் உடன்பாடும், பொருள் தெளிவற்ற உடன்பாடும் செல்லா. நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒருவர் எழுதிக்கொடுத்தால், எந்த எண்ணெய் என்பது தெரியாததால் அது செல்லாது. அவர் தேங்காயெண்ணெய் மட்டுமே விற்பவராயின் செல்லும். இது சட்டத்திலேயே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு.

தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைப் பற்றி 27ஆவது பிரிவு கூறுவது இன்றைய இளைஞர்களுக்கு மிகவும் பயன்படும். பணியில் இருக்கும்போது வேறொருவரிடம் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணியை விட்டு விலகிய பின்னும் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்பது பொதுவாகச் செல்லாது. பயிற்சிச் செலவை ஈடுகட்டும் பிணைமுறிகளோ வேறு வகை. மூன்றாண்டுகள் பணியாற்றாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனை, தொழில் தடையும் ஆகாது, பொதுநலக் கொள்கைக்கு மாறானதும் ஆகாது என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

வாயிலில் நிற்கும் ஒப்பந்தங்கள்

தன்னளவில் குறையில்லாத ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் முடங்கக் கூடும். கைமாற்றாகக் கொடுத்த கடனுக்கு மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிடில் காலவரையறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கடன் மறைவதில்லை, அதனை வசூலிக்கும் வழி அடைபடுகிறது. அதனாலேயே, காலங்கடந்த கடனைத் தருவதாகக் கடனாளி மீண்டும் எழுதிக் கையொப்பமிட்டால் அது புதிய மறுபயன் இல்லாமலே செல்லுகிறது. பதிவு செய்யப்படாத கூட்டாண்மை நிறுவனம், ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடர முடியாது. முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஆவணம் சான்றாக ஏற்கப்படாது. ஆயினும் அது செல்லாத ஆவணம் அன்று, குறையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது.

நிறைவேற்ற இயலாமற் போனதும் ஒப்பந்தம் முடிவுக்கு வரும். ஆனால் இயலாமை வேறு, கட்டுப்படியாகாமை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் மனை விற்பனைக்கென வகுக்கப்பட்ட நிலத்தை அரசு கைப்பற்றியது. ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்ற வாதத்தை 1953இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கைப்பற்றல் தற்காலிகமானது, ஒப்பந்தத்தின் அடித்தளத்தை அது தகர்க்கவில்லை என்றது. படைக்கு நெய் கொள்முதல் செய்து தந்த முகவர்கள், போரினால் செலவு கூடிற்று என்று கூடுதல் தொகை கேட்டதையும் 1960இல் மறுத்தது. விலையேற்றம் மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்காது. கொரோனாத் தொற்றின்போது, 2020 பிப்ரவரி 19 அன்று மத்திய நிதி அமைச்சகம் அத்தொற்றை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று குறிப்பாணை விடுத்தது. அப்போதும், ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து இருக்கிறதா என்பதே முதற் கேள்வியாயிற்று.

அரசு செய்யும் ஒப்பந்தங்கள்

அலுவலர்கள் தனிக் கவனம் செலுத்தவேண்டியது அரசியலமைப்பின் 299ஆவது விதி. மத்திய அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவரின் பெயராலும், மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரின் பெயராலும் செய்யப்பட வேண்டும். அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவரே கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடும் அலுவலருக்குத் தனிப்பட்ட பொறுப்பு கிடையாது. இது வெறும் சடங்கு அன்று. ரயில்வே ஊழியர்களுக்கான உணவு தானியத்துக்குக் கோட்டக் கண்காணிப்பாளர் ஒருவர் கொள்முதல் ஆணை விடுத்தார். ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்ட நிர்வாகம் எஞ்சியதைப் பெற மறுத்தது. இழப்பீடு கேட்ட வணிகரின் வழக்கு 1961இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆணை உரிய பெயரால், உரிய வடிவில் செய்யப்படவில்லை என்பதே காரணம். அன்று நடைமுறையிலிருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி இருந்தது.

வணிகருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். அதற்குரிய பரிகாரத்தை அதே ஆண்டில் மேற்கு வங்க அரசு தொடர்பான வழக்கு காட்டிற்று. அரசு அலுவலர்களின் வேண்டுகோளின்படி ஒரு நிறுவனம் கிடங்குகள் கட்டிக்கொடுத்தது. முறைப்படி ஒப்பந்தம் இல்லை. எனினும், இலவசமாக அன்றிச் செய்யப்பட்ட பணியின் பயனை ஒருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தரவேண்டும் என்னும் 70ஆவது பிரிவின்படி அரசு பணம் செலுத்த வேண்டியதாயிற்று. பெற்ற பயனுக்கு ஈடு உண்டு. பெறாத சரக்குக்கு இல்லை. இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் இந்த எல்லைக்கோடு விளங்கும்.

முன்பணமும் கொத்தடிமையும்

செங்கற் சூளையிலும் கற்குவாரியிலும் முன்பணம் பெற்று, அதனைத் தீர்க்கும் வரை குடும்பத்தோடு அங்கேயே உழைப்பதாகக் கைநாட்டு வைத்துத் தரும் தாளை, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலை மட்டும் கொண்டு பார்த்தால் குறை காண்பது எளிதன்று. வயது நிரம்பியவர் கைநாட்டு வைத்திருக்கிறார், பணம் கைமாறியிருக்கிறது, எவரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தொழிலாளியே மனமுவந்து வந்தார் என்று முதலாளி சொல்லுவார். அது பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். வீட்டில் நோயோ, திருமணமோ, அடுப்பெரியாத நாளோ அவரை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும்.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்த வாதத்தையே அடைத்துவிட்டது. கொத்தடிமையாக உழைக்கக் கட்டாயப்படுத்தும் வழக்கம், ஒப்பந்தம், ஆவணம் எதுவாயினும் செல்லாது என்று அதன் 5ஆவது பிரிவு கூறுகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பே 6ஆவது பிரிவினால் அற்றுப்போகிறது. அதற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் இயலாது. இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மீதே உள்ளது. சான்று கொண்டுவா என்று எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் கேட்கும் விசாரணை அலுவலர் சட்டத்தைத் தலைகீழாகப் படித்தவராவார்.

1982இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஓரடி எடுத்துவைத்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர்கள் பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று ஒருவர் உழைத்தால், அவரை அதற்கு உட்படுத்தியது வறுமை என்னும் கட்டாயமே. ஆகவே அது அரசியலமைப்பின் 23ஆவது விதி தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும் என்று நீதிமன்றம் கூறியது. பசியும் ஒரு வற்புறுத்தலா என்று மேலே எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இன்றும் பசிக்கு இடமில்லை. அரசியலமைப்பு அதற்கு இடம் தந்துள்ளது.

நடைமுறையில் ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. விசாரணைக்கு வந்த இடத்தில், வட்டியை விட்டுவிடுகிறேன், அசலையாவது தரச்சொல்லுங்கள் என்று கடன் கொடுத்தவர் இறங்கிவருவார். இருதரப்பும் சமாதானமாகப் போகட்டும் என்று அலுவலரும் எண்ணக்கூடும். ஆனால் அற்றுப்போன கடனில் அசல் என்று தனியாக எதுவும் எஞ்சுவதில்லை. அத்தகைய கடனுக்காக எந்தத் தொகையையும் பெறக்கூடாது என்று 9ஆவது பிரிவு தடுக்கிறது. மீறிப் பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவ்வாறு பெற்ற தொகையை நீதிமன்றத்தில் கட்டச் செய்து, அதனைத் தொழிலாளியிடமே திருப்பித் தரவும் அப்பிரிவு வழிசெய்கிறது.